பழைய கைக்கணினியும் புதுப்பிப்புக்குக் காத்திருத்தலும்

காத்திருத்தல் நம் நாட்டு உழவர்க்கும் மீனவர்க்கும் புதியதன்று. மழைக்குக் காத்திருக்கிறோம், கால்வாயில் நீர் வருவதற்குக் காத்திருக்கிறோம், காற்று தணியும் வரை படகைக் கரையில் நிறுத்திவைத்துக் காத்திருக்கிறோம். இக்காத்திருத்தல் எல்லாவற்றிற்கும் ஒரு கணக்கு உண்டு. இன்ன நாளுக்குள் மழை பெய்யாவிடில் இன்ன பயிரை விடுத்து வேறு பயிர் விதைக்க வேண்டும் என்பதை உழவர் எவரும் அறிவர்.

அண்மைக் காலத்தில் கிராமங்களில் வேறொரு காத்திருத்தல் தோன்றியிருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலோ, மகளிர் குழுவிலோ, மீனவர் வீட்டிலோ சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைக்கணினி ஒன்று இருக்கும். மக்கள் இதனை ‘டேப்’ என்று வழங்குகின்றனர். அது இன்னும் கெட்டுப்போகவில்லை, திரை ஒளிர்கிறது, படமும் எடுக்கிறது. ஆயினும் புதிய செயலி ஒன்றைத் திறந்தால், ‘இப்பதிப்பில் இயங்காது’ என்று கூறிவிடுகிறது. கடைக்காரரைக் கேட்டால், ‘அப்டேட் வரும், பொறுங்கள்’ என்கிறார். திங்கள் பல கடந்தும் புதுப்பிப்பு வருவதில்லை. இந்நிலையில் காத்திருப்பதா, வேறு வழி தேடுவதா? இக்கேள்விக்கு விடை காண உதவும் செய்திகளை எளிமையாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்குதளம் என்பது யாது?

கைக்கணினியில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, கையால் தொட்டுணரக்கூடிய கருவி. இரண்டாவது, அக்கருவியின் உறுப்புகளை ஆட்டுவிக்கும் இயங்குதளம். மூன்றாவது, நாம் திறந்து பயன்படுத்தும் செயலிகள். பயிர் விளைவதற்கு விதை மட்டும் போதாது, மண்ணும் அதற்கு இசைந்ததாய் இருக்க வேண்டும் அன்றோ? செயலி விதை போன்றது. இயங்குதளம் மண் போன்றது.

நம் ஊர்களில் உள்ள கைக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. கூகிள் கம்பெனி இதன் முதற் பதிப்பை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது முதல் ஏறக்குறைய ஆண்டுக்கொரு பெரும்பதிப்பு வெளிவந்து கொண்டிருக்கிறது.

‘புதுப்பிப்பு’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைக் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. இயங்குதளமே ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவது ஒன்று. பதிப்பு மாறாமல், அதிலுள்ள பாதுகாப்புக் குறைகளை மட்டும் அடைப்பது மற்றொன்று. இது வீட்டை இடித்துக் கட்டாமல் கூரையின் ஒழுக்கை மட்டும் அடைப்பதை ஒக்கும். 2015 ஆகஸ்டில் கூகிள் இவ்வகைத் திருத்தங்களை மாதந்தோறும் அளிக்கத் தொடங்கியது. தனித்தனிச் செயலிகள் புதுப்பிக்கப்படுவது மூன்றாவது வகை. பெரும்பதிப்பு வராவிடினும் பாதுகாப்புத் திருத்தம் வந்து கொண்டிருந்தால் கருவி நல்ல நிலையில் உள்ளது என்றே கொள்ளலாம். இரண்டும் நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

தாமதம் ஏன் உண்டாகிறது?

அணையில் திறந்த நீர் உடனே கடைமடை வயலை அடைவதில்லை. தலைமதகு, கிளைக்கால்வாய், மடை என ஒவ்வொன்றாகக் கடந்தே வர வேண்டும். இயங்குதளப் புதுப்பிப்பும் அவ்வாறே பல மதகுகளைக் கடந்து வருகிறது.

முதலில் கூகிள் புதிய பதிப்பின் மூல நிரலை வெளியிடுகிறது. பின்னர், கருவியின் மூளையாகிய சில்லைச் செய்த கம்பெனி, தன் சில்லு புதிய பதிப்புடன் இசைந்து இயங்குவதற்கு வேண்டிய மென்பொருளைத் திருத்தித் தர வேண்டும். அதன்பின் கைக்கணினியை உருவாக்கிய கம்பெனி, திரை, காமிரா, ஒலிபெருக்கி முதலிய தன் உறுப்புகளுக்கு ஏற்ப அதனை அமைத்துச் சோதிக்க வேண்டும். சோதனையில் தேறிய பிறகும் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுவதில்லை. குறை ஏதேனும் இருப்பின் அனைவரும் ஒருங்கே அல்லற்படுவதைத் தவிர்க்க, முதலில் சிலருக்கும் பின்னர் பலருக்கும் எனப் பகுதி பகுதியாக அனுப்புகின்றனர். ஆகவே, ஒரே வகைக் கருவி வைத்துள்ள இருவரில் ஒருவருக்கு இன்றும் மற்றவருக்குச் சில வாரங்கள் கழித்தும் வருதல் இயல்பே.

இம்மதகுகளுள் ஒன்று அடைபட்டாலும் நீர் மேலே செல்லாது. பழைய சில்லுக்கு இனி மென்பொருள் தருவதில்லை என்று அதனைச் செய்தவர் நிறுத்திவிட்டால், கைக்கணினிக் கம்பெனி விரும்பினாலும் புதிய பதிப்பைத் தருவது அரிது. இக்குறையைப் போக்கக் கூகிள் 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8-ஆம் பதிப்பில் இயங்குதளத்தையும் சில்லுக்குரிய மென்பொருளையும் தனித்தனியே பிரித்தமைத்தது. 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து, இயங்குதளத்தின் சில முக்கியப் பகுதிகளைக் கம்பெனிகளை எதிர்பாராமல் நேரே புதுப்பிக்கவும் வழி செய்தது. இவற்றிற்கு முற்பட்ட கருவிகளுக்கு இந்த வசதி இல்லை.

ஆகாஷ் தரும் பாடம்

நம் நாட்டிலேயே இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கைக்கணினி கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன், 2011 அக்டோபர் 5 அன்று அந்நாள் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்னும் கருவியை வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்னும் கம்பெனி இதனை உருவாக்கியது. 7 அங்குலத் திரையும், 366 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சில்லும், 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அக்கருவியில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பாகும். அதற்கு அடுத்த 2.3 பதிப்பு 2010 டிசம்பரிலேயே வெளிவந்திருந்தது. ஆகாஷ் வெளியான அதே அக்டோபர் மாதத்தில் 4.0 பதிப்பும் அறிமுகமாயிற்று.

4.0 பதிப்பு இயங்குவதற்குக் குறைந்தது 340 மெகாபைட் நினைவகம் வேண்டும் என்று கூகிள் வரையறுத்திருந்தது. 256 மெகாபைட் மட்டுமே உடைய கருவி அதனைத் தாங்க இயலாது. எத்தனை ஆண்டு பொறுத்தாலும் இந்நிலை மாறப்போவதில்லை. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட இரண்டாவது ஆகாஷ் கருவியில் 512 மெகாபைட் நினைவகமும் 4.0 பதிப்பும் இருந்தன. அதாவது, புதிய பதிப்பு புதிய கருவியோடுதான் வந்தது. பின்னர், 2.3.7-உம் அதற்கு முற்பட்டனவுமான பதிப்புகளுடைய கருவிகளில் கூகிள் கணக்கினுள் நுழையும் வசதியே 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்தப்பட்டது.

மறுபுறத்தையும் நோக்க வேண்டும். கூகிளும் ஏசஸ் கம்பெனியும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட நெக்ஸஸ் 7 என்னும் கைக்கணினிக்கு, 2014 நவம்பரில் 5.0 பதிப்பு வந்து சேர்ந்தது. ஆவலுடன் அதனை ஏற்றிக்கொண்ட பலர், கருவி முன்னிலும் மந்தமாகிவிட்டது என்று குறை கூறினர். ஆகவே, பழைய கருவிக்குப் பெரும்பதிப்பு வராமை எப்போதும் தீமை என்றோ, வருதல் எப்போதும் நன்மை என்றோ கருதுவதற்கில்லை.

தாமதத்தால் விளையும் தீங்கு

பாதுகாப்புத் திருத்தம் கைக்கு எட்டாமற்போனால் நேரக்கூடிய கேட்டுக்கு 2017-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். விண்டோஸ் கணினிகளில் இருந்த ஒரு குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அவ்வாண்டு மார்ச்சு மாதம் வெளியிட்டது. மே 12 அன்று ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் அதே குறையின் வழியே நுழைந்து உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்து நாட்டின் மருத்துவமனைகள் பல தம் அன்றாடப் பணிகளையே நிறுத்த நேர்ந்தது. திருத்தத்தை உரிய காலத்தில் ஏற்றுக்கொண்ட கணினிகள் தப்பின.

நம் கிராமங்களிலும் இன்று கைக்கணினி விளையாட்டுப் பொருளன்று. ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் இணைய ஏற்பாட்டில் பதிவாகின்றன. அது 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்றது. ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில் தொழிலாளர் வருகையைச் செயலி வழியே படத்துடன் பதிவு செய்வது 2023 சனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தமிழக அரசின் ‘உழவன்’ செயலி 2018 ஏப்ரல் முதல் விவசாயிகளுக்கு மானியம், வானிலை, சந்தை விலை ஆகிய செய்திகளை அளித்து வருகிறது. செயலி திறவாத நாளில் தொழிலாளியின் வருகை பதிவாகாமற்போனால், இழப்பு கருவிக்கு அன்று. வெயிலில் மண் சுமந்தவரின் கூலிக்கே ஆகும்.

கடலுக்குச் செல்வோர் கவனத்திற்கு

தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்துள்ள தருவைகுளம், மீன்பிடித் தொழிலையே உயிராகக் கொண்ட ஊர். நாட்டுப்படகில் சென்று அன்றே திரும்புவோரும் உண்டு. விசைப்படகில் பல நாள் தங்கி ஆழ்கடலில் வலை விடுவோரும் உண்டு. 2023 அக்டோபரில் இவ்வூர்ப் படகொன்றில் சென்ற 12 மீனவர் மாலத்தீவுக் கடற்பகுதியில் பிடிக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்ட செய்தியை நாம் அறிவோம். அதன் காரணம் யாதாயினும், தாம் நிற்கும் இடத்தையும் எல்லையையும் திட்டமாக அறிவது மீனவர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அது நினைவூட்டுகிறது.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் தரும் கடல் வெப்பநிலை, பச்சையம் ஆகிய அளவுகளைக் கொண்டு மீன் திரளக்கூடிய இடங்களைக் கணித்து அறிவிக்கிறது. அலை உயரத்தையும் முன்னறிவிக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவ நண்பன் செயலி, இத்தகவல்களையும் பன்னாட்டுக் கடல் எல்லை எச்சரிக்கையையும் தமிழில் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. ஆனால், செயலி திறந்தால்தான் எச்சரிக்கை ஒலிக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தென்கடலில் விளைத்த பேரிழப்புக்குப் பின், உரிய நேரத்தில் செய்தி கிடைப்பதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, மீனவர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். படகு புறப்படுமுன் கரையிலேயே செயலிகளைத் திறந்து பார்த்து, அன்றைய தகவல்களைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து சில மைல் தொலைவுக்கு அப்பால் கைப்பேசி அலை எட்டுவதில்லை. புறப்படும் நாளில் எந்தப் பெரும்பதிப்பையும் ஏற்றுதல் கூடாது. ஏற்றியபின் இரண்டொரு நாள் கரையில் பழகிப் பார்த்த பிறகே கடலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பழைய கைக்கணினி ஒன்றையே நம்பியிராமல், வி.எச்.எப். கருவியையும் தனியான ஜி.பி.எஸ். கருவியையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

இக்கரையில் முத்துக்குளித்த காலத்து வழக்கம் ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. கடலடியிலுள்ள சிப்பிப் பார்களை அரசினர் முன்கூட்டியே ஆராய்வர். சிப்பி முதிரவில்லையெனில் அவ்வாண்டு சலாபம் இல்லை. முதிர்ந்துவிட்டதெனில் உடனே நாள் குறிப்பர். மேலும் நாள் கடத்தினால் சிப்பி மடிந்து முத்தும் வீணாகும். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புக்குப் பின் சிப்பி வளம் குன்றிவிட்டது. இன்று அச்சலாபத்தை எதிர்நோக்கி எவரும் படகைச் சும்மா நிறுத்திவைப்பதில்லை. எதற்கும் ஆராய்ந்து பார்த்த பின்னரே காத்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

கைக்கணினியையும் அவ்வாறே ஆராயலாம். அமைப்புகள் பகுதியில், கருவியைப் பற்றிய விவரங்களைத் திறந்தால் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்ணும், கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியும் காணப்படும். இவ்விரண்டையும் குறித்துக்கொண்டு கீழ்க்காணும் முறையில் முடிவு செய்யலாம்.

1. கடைசித் திருத்தம் வந்து சில மாதங்களே ஆகியிருப்பின், கருவி இன்னும் கம்பெனியின் பராமரிப்பில் உள்ளது. பொறுமையுடன் காத்திருக்கலாம். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

2. ஓராண்டுக்கு மேலாகத் திருத்தம் எதுவும் வராதிருப்பின், கம்பெனியின் சேவை நிலையத்தில் அக்கருவிக்குப் பராமரிப்பு உண்டா என்று எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது.

3. பராமரிப்பு முடிந்துவிட்டது என்று தெரிந்தால், மேலும் காத்திருப்பது வீண். வங்கி, பணப்பரிமாற்றம், அரசுக் கணக்கு ஆகியவற்றை அக்கருவியிலிருந்து உடனே நீக்கிவிட வேண்டும்.

4. புதிய பதிப்பு இல்லாவிடினும் வேண்டிய செயலிகள் இயங்கி, பாதுகாப்புத் திருத்தமும் வந்து கொண்டிருப்பின், எண் குறைந்த பதிப்பு என்பதற்காக மட்டும் கருவியை மாற்ற வேண்டுவதில்லை.

புதுப்பிப்பு வந்தபின் ஏற்றும் முறையும் முக்கியம். பாட்டரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்க வேண்டும். மின் இணைப்பிலேயே வைத்திருப்பது இன்னும் நன்று. படங்களையும் ஆவணங்களையும் முன்னதாக வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். நினைவகத்தில் போதிய இடம் ஒழித்துவைக்க வேண்டும். நடுவில் கருவியை நிறுத்துதல் கூடாது.

போலிகளுக்கு இடங்கொடாதீர்

காத்திருந்து சலித்தவரைத் தேடியே வஞ்சகர் வருகின்றனர். ‘இதனை அழுத்தினால் உங்கள் டேப் புதிய பதிப்பாகிவிடும்’ என்றோ, ‘அரசு உதவித்தொகை பெற இச்செயலியை ஏற்றுங்கள்’ என்றோ வாட்ஸ்அப் வழியே கோப்புகள் வருகின்றன. அவற்றை ஏற்றினால், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண் வஞ்சகர் கைக்குப் போய், வங்கிக் கணக்கு வெறுமையாகிவிடும். உண்மையான இயங்குதளப் புதுப்பிப்பு கருவியின் அமைப்புகள் பகுதியிலேயே வரும். எவரும் இணைப்பாக அனுப்புவதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு மிகுதி.

ஊர் இளைஞருள் கணினி கற்றவர் சிலர், ‘லீனியேஜ் ஓ.எஸ்.’ போன்ற பொது இயங்குதளங்களைப் பழைய கருவியில் ஏற்ற வல்லவராயிருப்பர். அவர்தம் திறமை போற்றத் தக்கதே. பள்ளி மாணவர் கற்பதற்குரிய சொந்தக் கருவியில் இதனைச் செய்து பார்க்கலாம். ஆனால், ஊராட்சிக்குச் சொந்தமான கருவியில் செய்தல் முறையன்று. வங்கிச் செயலிகள் சில அவ்வகை இயங்குதளத்தில் இயங்க மறுப்பதும் உண்டு.

ஊராட்சி கருவி வாங்கும்போது

இதுவரை நாம் கைக்கணினி வாங்கும்போது விலையையும் திரையின் அளவையும் கேட்டோம். இனி, ‘எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்புத் தருவீர்?’ என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும். உலகில் இப்போக்கு மாறி வருகிறது. கூகிள் 2023 அக்டோபரில் வெளியிட்ட பிக்சல் 8 கைப்பேசிக்கும், சாம்சங் 2024 சனவரியில் வெளியிட்ட கேலக்சி எஸ் 24 கைப்பேசிக்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு உண்டு என்று உறுதி கூறின. கைப்பேசி, கைக்கணினி ஆகியவற்றின் புதுப்பிப்புக் காலம் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதிகள் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. விலை குறைந்த கைக்கணினிகள் பலவற்றிற்கு இவ்வளவு நீண்ட உறுதி கிடைப்பதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 9,000 ரூபாய் விலையுள்ள கருவிக்கு இரண்டாண்டு பராமரிப்பு எனில், ஆண்டுக்கு 4,500 ரூபாய் ஆகிறது. 15,000 ரூபாய்க் கருவிக்கு ஐந்தாண்டு பராமரிப்பு எனில், ஆண்டுக்கு 3,000 ரூபாயே ஆகிறது. முதலில் மலிவாகத் தோன்றியது முடிவில் கூடுதல் செலவாவதைக் காண்க. ஊர்ப் பணத்தைச் செலவிடுவோர் இக்கணக்கைக் கூட்டத்தின் முன் வைத்துத் தீர்மானம் செய்தால், பின்னாளில் எவரும் குறை கூற இடமிராது. விற்பனைக்கு வந்து மூன்றாண்டு கழிந்த வகையை, தள்ளுபடி விலை என்பதற்காக இன்று வாங்கினால், பராமரிப்புக் காலத்தின் பெரும்பகுதி கடையிலேயே கழிந்துவிட்டது என்பதையும் மறவாதீர். வாங்கிய தேதி, பதிப்பு எண், பராமரிப்பு முடியும் ஆண்டு ஆகிய மூன்றையும் பொருட்பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

பழைய கருவியை என் செய்வது?

பராமரிப்பு முடிந்த கருவி உடனே குப்பைக்கு உரியது என்பதன்று. கணக்குகளை நீக்கி, உள்ளிருப்பவற்றை முற்றிலும் அழித்தபின், இணையத் தொடர்பின்றிப் பல பணிகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம். நூலகத்தில் மின்னூல் படிக்கவும், உழவர் கூட்டத்தில் பயிர் நோய்களின் படங்களைக் காட்டவும், குழந்தைகள் ஓவியம் வரையவும் அது உதவும். பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் வைத்திருத்தல் கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. மின்னணுக் கழிவு பற்றிய 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இத்தகைய கழிவைச் சேர்ப்பிக்க வேண்டும். கடற்கரையிலும் உப்பளத்து ஓரத்திலும் எறிந்தால், மன்னார் வளைகுடாவின் நீரை நாமே கெடுத்தவராவோம்.

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் மீனவ அன்பர்களும், தத்தம் இடங்களிலுள்ள கைக்கணினிகளின் பதிப்பையும் திருத்தத் தேதியையும் இந்த மாதக் கூட்டத்துக்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொள்வார்களாக. ஒரு கருவிக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருத்தல் ஆகாது என்பது அக்குறிப்பிலிருந்தே விளங்கிவிடும்.